நூற்றுக்கு முப்பத்தொன்று

இருநூற்று நாற்பது மணி நேரம். பாறையகத்துக்குள் அதைவிட ஒரு மணி குறைந்தாலும் தன்கை முத்திரை கிடையாது. மரகதவல்லி பதிவேட்டில் கையெழுத்திட்டதும் நுழைவுக் கடிகாரம் பூஜ்யத்திலிருந்து ஓடத் தொடங்கியது.

"முதல் ரெண்டு நாளு விரல் வலிக்கும் மேடம். பேனா பிடிச்சுப் பழக்கமில்லைல்ல," என்ற மெகருன்னிசா உடனே நாக்கைக் கடித்துக்கொண்டாள். "ஐயோ, உங்களுக்கில்ல. எல்லார்கிட்டயும் சொல்றதை அப்படியே ஒப்பிச்சிட்டேன்."

மரகதவல்லி சிரித்தார். அவரோடு வந்திருந்த துப்பறியும் தொடர்கதை எழுத்தாளர் துரைக்கண்ணு தன் விரல்களை நெட்டி முறித்தார். மூவரும் மின்வண்டியில் ஏறினார்கள்.

சுரங்கப்பாதை இரண்டு கிலோமீட்டர் நீளம். சூரியனிலிருந்து வரும் நியூட்ரினோக்களை எண்ணுவதற்காக மேற்கு மலைக்குள் தோண்டியது. வேறொரு நாட்டில் இதைவிடப் பெரிய ஆய்வுக்கூடம் வந்தபின் விஞ்ஞானிகள் போய்விட்டார்கள். கருவி பராமரிப்பில் இருந்த மெகருன்னிசா போகவில்லை. தலைக்கு மேலே ஆயிரத்து இருநூறு மீட்டர் பாறை. எந்த அலையும் நுழையாது.

அறுநூறாவது மீட்டரில் மரகதவல்லி தலையை வலப்பக்கம் லேசாகச் சாய்த்தார்.

"நின்னுருச்சா மேடம்? இந்த இடத்துலதான் எல்லாருக்கும் நிக்கும். இனிமே வெளிய இருந்து உள்ள வர்றது நியூட்ரினோ மட்டுந்தான். அது யாருக்கும் எதையும் எழுதிக் குடுக்காது."

நின்றது துணைநாவு. வலது காதுக்குப் பின்னால், தோலுக்கடியில், எள்ளளவே இருக்கும். நாட்டில் பத்தில் ஒன்பது பேர் வைத்திருந்தார்கள். ஒரு வாக்கியத்தை நினைக்கத் தொடங்கினால் போதும், மிச்சத்தை அது காதுக்குள் சொல்லிவிடும். இரங்கல் கடிதம், விடுப்பு விண்ணப்பம், காதலைச் சொல்வது, சண்டையில் கடைசியாகச் சொல்லும் வார்த்தை எல்லாம் அதன் உபயம். அதற்காக யாரும் வெட்கப்பட்டதில்லை.

புத்தகம் மட்டும் விதிவிலக்கு. ஏழு ஆண்டுகளுக்கு முன் தன்கைச் சட்டம் வந்தது. அதன்பிறகு, மனிதர் தானே எழுதியது என்ற முத்திரை இல்லாத புத்தகங்கள் பொறிநூல்கள் என்று தனி அலமாரிக்குப் போயின. சட்டத்துக்கு முந்தைய புத்தகங்களை யாரும் சோதிக்கவில்லை. எழுதியவர் சொல்லே போதும் என்று விட்டுவிட்டார்கள்.

மரகதவல்லியின் பதினொரு நாவல்களும் சட்டத்துக்கு முந்தையவை. "துணைநாவை அலுவலகக் கடிதத்துக்கு மட்டும்தான் வைத்திருக்கிறேன்" என்று அவர் ஒரு பேட்டியில் சொன்னது பள்ளிப் பாடத்தில் வந்தது. தன்கை எழுத்துக்காக வாதிட்டவர்கள் எல்லோரும் அவரைத்தான் உதாரணம் காட்டினார்கள். ஆனால் இந்த ஏழு ஆண்டுகளில் அவர் ஒரு வரிகூட வெளியிடவில்லை.

"பதிப்பகத்தோட ஒப்பந்தத்துல ஒரு ஷரத்து இருக்கு," என்று வண்டியில் அவரே சொன்னார். "ஏழு வருஷம் எழுதாம இருந்தா பேர் அவங்களுக்குப் போயிடும். பன்னிரண்டாவது நாவலை என் நடையைப் பழகின பாணிப்பொறி எழுதும், என் பேர்ல. இன்னும் பதிமூணு நாள் இருக்கு. முத்திரையோட ஒரு சின்னக் கதை போதும் எனக்கு."

"நீங்க பத்துக் கதையோட வெளிய போவீங்க," என்றாள் மெகருன்னிசா.

அவள் அதை உபசாரத்துக்குச் சொல்லவில்லை. கூடத்தை மூடிய வாரம் அவள் படித்துக்கொண்டிருந்தது மரகதவல்லியின் நான்காவது நாவல். அதில் ஒரு வரி: 'பூட்டிய வீட்டில் வெளிச்சத்துக்கும் வயதாகிறது.' அதைப் படித்த மறுநாள்தான் இந்த இடத்தை எழுதுகிறவர்களுக்குத் திறந்துவிடலாம் என்று அவள் விண்ணப்பம் போட்டாள். பாறையகத்தின் வாசலில் அந்த வரி கல்லில் வெட்டப்பட்டிருந்தது. உள்ளே வரும்போது மரகதவல்லி அதைப் பார்க்காதவர் போலக் கடந்து போனார். பெரியவர்களுக்கே உரிய அடக்கம் என்று மெகருன்னிசா நினைத்துக்கொண்டாள்.

பாறையகத்தில் பாடம் கிடையாது, பயிற்சி கிடையாது. ஓர் அறை, ஒரு மேசை, நூறு தாள், ஒரு பேனா. ஒரே ஒரு வழக்கம் உண்டு. விஞ்ஞானிகள் காலத்தில், வேலைநேர முறை மாறும்போது, கருவிகள் பதியாத ஒன்றைத் தாங்கள் கவனித்திருந்தால் அதைக் குறிப்பேட்டில் எழுதிவிட்டுப் போவார்கள். அது அப்படியே தொடர்ந்தது. மதியச் சாப்பாட்டில் ஒவ்வொருவரும் அன்று தான் பார்த்த, வேறு யாரும் பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டும். சொன்னதைக் குறிப்பேட்டிலும் எழுத வேண்டும். சொன்னது பொய்யானால் பாத்திரம் கழுவ வேண்டும். தீர்ப்பு சமையல்காரி பெருமாயியுடையது. அங்குள்ள ஒவ்வொரு மூலையையும் தினம் துடைப்பவள் அவள்தான்.

முதல் நாள் துரைக்கண்ணு தொண்டையைச் செருமினார். "ஒரு கரப்பான்பூச்சி என்னை யோசனையோட பாத்துச்சு."

"இந்தப் பாறைக்குள்ள கரப்பானே கெடையாது," என்றாள் பெருமாயி. "தட்டை எடுங்க சாமி."

மரகதவல்லி கொஞ்சம் யோசித்துவிட்டு, "பாறை தன் மௌனத்தை நம்மேல் போர்த்தியிருக்கிறது," என்றார்.

"மேடம், இது மூணாவது நாவல்ல வர்றதாச்சே!" மெகருன்னிசாவின் முகம் மலர்ந்தது.

மரகதவல்லியின் முகம் சிவந்தது. பெருமாயி குழம்புக் கரண்டியைக் கீழே வைத்தாள். "இது பாத்ததா, சொன்னதா?"

மரகதவல்லி தட்டில் இருந்த சோற்றைப் பிசைந்தார்.

"அப்ப நீங்களும் கழுவுங்க தாயி."

நான்கு நாள் தொடர்ந்து கழுவினார்.

எழுபத்திரண்டாவது மணியில் மெகருன்னிசா தேநீர் கொண்டுபோனபோது மேசையில் ஒரே ஒரு தாள் இருந்தது. அதில் நாற்பத்தொரு வாக்கியங்கள். எல்லாமே தொடக்கங்கள். ஒன்றுகூட முடியவில்லை. பேச்சிலும் அவர் அப்படித்தான் இருந்தார். பாதி வாக்கியத்தில் நின்றுவிடுவார், தலை வலப்பக்கம் சாயும், எதற்கோ காத்திருப்பார். துணைநாவு நின்றால் எல்லோருக்கும் இப்படித்தான். இவருக்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாக இருந்தது.

"மூணாம் நாள் காதுக்குள்ள ஒரு இரைச்சல் கேக்கும் மேடம். அது அடங்கணும். அதுக்கப்புறம் தானா வரும்."

"அடங்கலைன்னா?"

"இதுவரைக்கும் இருநூத்திப் பத்துப் பேரு வந்து போயிருக்காங்க. அடங்காதவங்க யாருமில்ல."

"அடங்கினப்புறம் உள்ள ஒண்ணுமே இல்லைன்னா?"

மெகருன்னிசா சிரித்துவிட்டாள். "பதினொரு நாவல் எழுதுனவங்க கேக்குற கேள்வியா இது?"

மரகதவல்லி சிரிக்கவில்லை. தேநீர் ஆறி ஆடை படியும்வரை அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஐந்தாம் நாள் சாப்பாட்டில் அவர் முறை வந்ததும், "கழுவுற இடத்துல குழாய் சொட்டுது," என்றார். "ரெண்டு சொட்டு சீரா விழுது. மூணாவது சொட்டு தாமதமா விழுது. திரும்ப ரெண்டு, அப்புறம் ஒரு தாமதம்."

பெருமாயி எழுந்து போனாள். குழாய்க்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எல்லோரும் கையில் சோற்றோடு காத்திருந்தார்கள். ஆறு முறை எண்ணிவிட்டு வந்தாள்.

"ஆறு வருசமா இதுலதான் கழுவுறேன். நான் பாக்கலியே," என்றாள். பிறகு மெகருன்னிசாவிடம், "இந்தம்மா இப்பத்தான் உள்ள வந்திருக்கு," என்றாள்.

அன்று பாத்திரம் கழுவ வேண்டியிருக்கவில்லை. இருந்தும் மரகதவல்லி பழக்கத்தில் குழாயடிக்குப் போனார். பெருமாயி அவருக்குப் பக்கத்தில் நின்று தட்டுகளைத் துடைத்தாள்.

"எழுத வர்றதுக்கு முன்ன என்ன வேலை பாத்தீக?"

"பால் பண்ணையில. பால்மானி விட்டுப் பாக்குற வேலை. தண்ணி கலந்திருந்தா அது ஆழமா முங்கும்."

"அதை எழுத வேண்டியதுதானே?"

"அதுல எழுத என்ன இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? நான் ஒரு புத்தகமும் படிச்சதில்ல. தண்ணி கலந்தவ மூஞ்சி எப்படி இருக்கும்னு தெரிஞ்சுக்க ஆசையா இருக்கு."

"அவ மூஞ்சி..." மரகதவல்லி நின்றார். தலை வலப்பக்கம் சாய்ந்தது. குழாய் சொட்டியது. இரண்டு சொட்டு, ஒரு தாமதம். அவர் தலையை நிமிர்த்தினார். "அவ பாலைப் பாக்க மாட்டா. என் முகத்தையும் பாக்க மாட்டா. பால்மானி பிடிச்சிருக்கிற என் கையைப் பாப்பா."

ஈரக் கையோடு அறைக்கு ஓடினார். தாளில் நனைந்த விரல் தடம் கடைசிவரை இருந்தது.

அதன்பிறகு பாறையகம் அதன் வேலையைச் செய்தது. மெகருன்னிசா இதை இருநூற்றுப் பத்து முறை பார்த்திருக்கிறாள். ஆனாலும் இந்த முறை அவள் தன் அறைக்கதவைத் திறந்தே வைத்திருந்தாள், எதிர் அறையிலிருந்து பேனா தாளில் உரசும் சத்தம் கேட்க வேண்டும் என்பதற்காக. ஒளிவிளக்குகள் காலை ஆறுக்கு எரியும்போதே அந்தச் சத்தம் தொடங்கிவிடும். மரகதவல்லி சுரங்கப்பாதையில் வேகமாக நடந்தார். மூன்றாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டார். எழுதியதைக் கிழித்தார், கிழித்ததை ஒட்டினார். தனியாகச் சிரித்தார். ஐம்பத்திரண்டு வயதில் அவர் கழுத்தின் வளைவு மாறியிருந்தது. தலை சாய்வதே இல்லை.

"எதிர்ல இருக்கிறவங்க ராத்திரி பகலா உழைச்சா எனக்குக் கொட்டாவி வருது," என்று புலம்பினார் துரைக்கண்ணு. அவர் மூன்றாம் நாளே தன் கதையை முடித்துவிட்டுச் சீட்டாட ஆள் தேடிக்கொண்டிருந்தார்.

பத்தாம் நாள் காலை இருவரும் தங்கள் தாள்களைக் கொடுத்தார்கள்.

விதிப்படி மெகருன்னிசா முதலில் படிக்க வேண்டும். மரகதவல்லியின் கதைக்குப் பெயர் 'பால்மானி'. பத்தொன்பது பக்கம். 'அவள் தூக்குவாளியை வைத்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது' என்று தொடங்கியது. கணவன் இல்லாத ஒருத்தி தினமும் ஒரே அளவு தண்ணீர் கலக்கிறாள். சோதிக்கிறவள் தினமும் அதை விட்டுவிடுகிறாள். ஒருநாள் அந்தப் பெண் தண்ணீர் கலக்காத பாலைக் கொண்டுவந்து வைத்து, "இன்னைக்கு நல்லாப் பாரு," என்கிறாள். அவ்வளவுதான் கதை.

மெகருன்னிசா பிடித்த வரிகளை அடிக்கோடிடும் பழக்கம் உள்ளவள். அவளிடம் இருந்த பதினொரு நாவல்களிலும் பக்கத்துக்குப் பக்கம் கோடுகள். இதில் கோடு போட ஒரு வரிகூட அகப்படவில்லை. ஆனால் முடித்தபிறகு நாற்காலியைவிட்டு எழ முடியவில்லை. நான்காவது நாவலுக்குப் பிறகுகூட அவளுக்கு இப்படி ஆனதில்லை. இரண்டாவது முறை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒப்புநோக்கியை இயக்கினாள்.

முத்திரைக்கு இந்தக் கருவியின் ஒப்புதலும் வேண்டும். ஆரம்பத்தில் பாறைக்குள் இருந்ததே போதும் என்றிருந்தது. பிறகு சிலர் பொறி எழுதியதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து உள்ளே எழுதினார்கள். அதைத் தடுக்க வந்தது ஒப்புநோக்கி. எழுத்தாளரின் பழைய புத்தகங்களைப் புதிய தாள்களோடு வைத்துப் பார்க்கும். வாக்கிய நீளம், சொற்களின் வரிசை, எந்த இடத்தில் நிறுத்துகிறார், எந்தச் சொல்லைத் தவிர்க்கிறார் என்று முந்நூறு அளவுகள். ஒவ்வொருவருக்கும் ஒரு நடைரேகை உண்டு என்பது அதன் கொள்கை. நூற்றுக்கு எழுபது வந்தால் ஒரே கை.

துரைக்கண்ணுவுக்குத் தொண்ணூற்று நான்கு.

"நான் முப்பது வருஷமா ஒரே கதையைத்தான் எழுதுறேன்," என்று அவர் பெருமையோடு முத்திரையை வாங்கிக்கொண்டார்.

மரகதவல்லிக்கு முப்பத்தொன்று.

மெகருன்னிசா மறுபடி இயக்கினாள். முப்பத்தொன்று. கருவியின் கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்றாவது முறை இயக்கினாள். முப்பத்தொன்று. ஏதோ தோன்றி, நாற்பத்தொரு அரை வாக்கியங்கள் இருந்த தாளையும், சாப்பாட்டு மேசைக் குறிப்பேட்டில் குழாய் பற்றி அவர் எழுதியிருந்ததையும் எடுத்துவந்து, அவற்றோடு கதையை ஒப்பிட்டாள். தொண்ணூற்றிரண்டு.

கருவி தன் முடிவை அச்சிட்டது: பாறைக்குள் எழுதியவர் ஒருவர். பதினொரு நாவல்களை எழுதியது வேறு கை. பரிந்துரை: ஆள்மாறாட்டம் எனப் புகார் அளிக்கவும்.

நுழைவுக் கடிகாரம் இருநூற்று முப்பத்தேழு காட்டியது.

அவள் கதையையும் அச்சான முடிவுத் தாளையும் எடுத்துக்கொண்டு எதிர் அறைக்குப் போய்க் கதையை மேசைமேல் வைத்தாள். மரகதவல்லி பெட்டியில் துணிகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தார். முடிவுத் தாளை வாங்கிப் படித்தார். மெதுவாகக் கட்டிலில் உட்கார்ந்தார்.

"தப்பு உங்க மேல இல்ல அக்கா," என்றாள் மெகருன்னிசா. மேடம் அக்காவாக மாறியதை அவள் கவனிக்கவில்லை. "தப்பு எங்க மேலதான். உங்களைப் புதுசாக்கணும்னுதான் உள்ள வெச்சிருக்கோம். நீங்க நிசமாவே புதுசாயிட்டீங்க. இந்தக் கருவிக்குப் பழசுதான் தெரியும். மாறாதவருக்குத் தொண்ணூத்தி நாலு குடுக்குது!"

"கதை எப்படி இருந்துச்சு?"

"அதை எப்படிச் சொல்றது..." மெகருன்னிசா உதட்டைக் கடித்தாள். "அந்தப் பதினொண்ணையும் ஒரு தட்டுல வெச்சு இதை ஒரு தட்டுல வெச்சா, இது கீழ இறங்கும்."

மரகதவல்லி கையால் வாயைப் பொத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் தோள்கள் மட்டும் அசைந்தன.

"அழாதீங்க அக்கா. வழி இருக்கு. பழைய நாவல் வரிங்க உங்களுக்கு மனப்பாடமா இருக்குமில்ல? பக்கத்துக்குப் பத்துப் பதினஞ்சு வரியை அந்த மாதிரி சேத்து எழுதிக் குடுங்க. எழுபதைத் தாண்டிரும். உங்க பேரு உங்ககிட்ட இருக்கும். நான் யாருக்கும் இப்படிச் செஞ்சதில்ல. உங்களுக்குச் செய்றேன்."

"தண்ணி கலக்கச் சொல்றீங்க," என்றார் மரகதவல்லி. குரலில் கோபமில்லை.

மெகருன்னிசாவுக்கு முகம் சுட்டது. "வேற வழி..." என்று இழுத்தாள். "சட்டத்துல ஒரு பிரிவு இருக்கு. ஒப்பிட வெச்ச அளவுகோல் செல்லாதுன்னு எழுத்தாளரே அறிவிக்கலாம். ஏன் செல்லாதுன்னு ரெண்டு பேர் முன்னால வாயால சொல்லணும். சொல்லிட்டா குறிப்பேட்டை அளவுகோலா வெச்சு முத்திரை குத்தலாம். இதுவரைக்கும் யாரும் அப்படி அறிவிச்சதில்ல. ஆனா அதுல என்ன சொல்வீங்க? அளவுகோலே உங்க நாவல்தானே?"

மரகதவல்லி எழுந்தார். மேசைமேல் இருந்த பத்தொன்பது தாள்களை எடுத்து விளிம்பு தட்டி அடுக்கினார். நனைந்த விரல் தடம் இருந்த தாள் மேலே இருந்தது.

"சாப்பாட்டுக்கு மணி அடிச்சிருச்சு. வாங்க," என்றார்.

கடைசிச் சாப்பாடு என்பதால் பெருமாயி பாயசம் வைத்திருந்தாள். மெகருன்னிசா முத்திரைப் பெட்டியை மேசைமேல் வைத்துவிட்டு, சாப்பிடாமல் உட்கார்ந்திருந்தாள். இருநூற்று முப்பத்தொன்பதாவது மணி நடந்துகொண்டிருந்தது.

"நான் இன்னைக்குப் பாத்தது," என்று ஆரம்பித்தார் துரைக்கண்ணு. "மெகரும்மா பாயசம் இருக்கிற மேசையில உக்காந்துக்கிட்டு அதைப் பாக்கவே இல்ல."

"நெசந்தான்," என்றாள் பெருமாயி. "நான் பாத்தது, இந்தத் தாயி புருவத்துல மசி. நாலு நாளாக் கழுவல. நீங்க சொல்லுங்க தாயி."

மரகதவல்லி தட்டைச் சற்றுத் தள்ளிவைத்தார்.

"நான் சொல்லப்போறது இன்னைக்குப் பாத்ததில்ல. ரொம்ப வருஷமாப் பாத்துக்கிட்டிருந்தது."

"வேற யாரும் பாக்காததுதானே? பரவால்ல, சொல்லுங்க."

அவர் மெகருன்னிசாவின் முகத்தைப் பார்க்கவில்லை. முத்திரைப் பெட்டியின் மேலிருந்த அவள் கையைப் பார்த்தார். அந்தப் பார்வையை மெகருன்னிசா அன்று காலை பத்தொன்பது பக்கங்களில் இரண்டு முறை படித்திருந்தாள். கை தானாகப் பெட்டியிலிருந்து நகர்ந்தது.

அப்போது மரகதவல்லி கண்ணை உயர்த்தினார். தலை எந்தப் பக்கமும் சாயவில்லை.

"அந்தப் பதினொரு நாவல்ல ஒரு வரிகூட நான் எழுதினதில்ல மெகரு. வாசல்ல வெட்டி வெச்சிருக்கீங்களே, அந்த வரியும் துணைநாவு சொன்னதுதான். நான் எழுதின முதல் கதை 'பால்மானி'."